வேகக் கோட்டின் அடியில் கிடக்கும் தூரம்

நம் சங்கக் குடும்பங்களில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கணிதம் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பாடம் கேட்டு வருகின்றனர். வீட்டில் ஓர் ஐயம் எழுந்தால், ஊரில் தமிழில் படித்துவிட்டு இங்கே பிழைக்க வந்த பெற்றோர், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதப்பா, டியூஷனில் கேட்டுக்கொள்" என்று விலகிக்கொள்கின்றனர். அவ்வாறு விலக வேண்டிய அவசியம் இல்லை என்பது என் துணிபு. நானும் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனே. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, வண்டிகளின் வேகமும் நேரமும் எழுதிய தாள்களை நாள்தோறும் புரட்டிப் புரட்டி, பின்னர் நூல்களின் துணைகொண்டு விளங்கிக்கொண்ட ஒன்றை இங்கே எழுத முற்படுகிறேன். அது யாதெனில், தமிழ்ப் பாடநூல்கள் 'தொகையீடு' என்று வழங்கும் கணக்கு முறையைக் கொண்டு, வேகத்திலிருந்து தூரத்தை அறிவதாகும்.

வேகம் மாறாமல் இருந்தால் இதில் கணக்கே இல்லை. நொடிக்கு 15 மீட்டர் வீதம் 100 நொடி ஓடிய வண்டி 1,500 மீட்டர் கடந்திருக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அப்படி ஓடுகின்ற வண்டி உலகில் எங்கே இருக்கிறது? நிலையத்தில் நின்ற வண்டி மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, உச்சத்தை எட்டி, பின்னர் தளர்ந்து, அடுத்த நிலையத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு நொடியும் வேகம் வேறு. எந்த வேகத்தை எந்த நேரத்தால் பெருக்குவது என்பதே கேள்வி.

ஒரு புறநகர் வண்டியை எடுத்துக்கொள்வோம். இரு நிலையங்களுக்கு இடையே அது 100 நொடி ஓடுகிறது. அதன் வேகத்திற்கு ஒரு விதி உண்டு என்று வைத்துக்கொள்வோம்: புறப்பட்டு எத்தனை நொடி ஆயிற்றோ அந்த எண்ணை 0.6ஆல் பெருக்குக, அதே எண்ணின் வர்க்கத்தை 0.006ஆல் பெருக்கி, முன்னதிலிருந்து கழிக்க. வருவது அந்த நொடியில் வண்டியின் வேகம், நொடிக்கு இத்தனை மீட்டர் என்னும் கணக்கில். 10ஆம் நொடியில் 5.4; 20இல் 9.6, 30இல் 12.6, 40இல் 14.4; 50இல் 15. மணிக் கணக்கில் சொன்னால் இந்த உச்ச வேகம் 54 கிலோமீட்டர். அதன்பின் ஏறிய படிகளிலேயே இறங்குவதுபோல் 14.4, 12.6, 9.6, 5.4 என்று குறைந்து, 100ஆம் நொடியில் வண்டி நின்றுவிடும். இந்த விதி நான் கணக்குக்காக அமைத்துக்கொண்டது. எனினும் உண்மையான உள்ளூர் வண்டியின் போக்குக்கு வெகு தூரத்தில் இல்லை.

இப்பொழுது ஒரு கட்டத்தாளை எடுத்து, அடியில் நேரத்தையும் பக்கத்தில் வேகத்தையும் குறித்து, இப்புள்ளிகளை இணைத்தால் கவிழ்த்த உருளிபோல் ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே அடைபட்ட பரப்பே வண்டி கடந்த தூரம். பாடநூல் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடுகிறது. பரப்பு எப்படித் தூரம் ஆகும்? பரப்பைச் சதுர அலகில் அன்றோ அளப்போம் என்று பிள்ளை கேட்டால், அது நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

விடை எளிது. அந்தப் படத்தில் உயரம் என்பது மீட்டர் அன்று. நொடிக்கு இத்தனை மீட்டர் என்பது. அகலமும் மீட்டர் அன்று, நொடி. உயரத்தையும் அகலத்தையும் பெருக்கும்போது நொடி நொடியோடு அடிபட்டுப்போக, மீட்டர் எஞ்சுகிறது. தாளில் ஒரு சிறு கட்டம், நொடிக்கு 1 மீட்டர் உயரமும் 1 நொடி அகலமும் உடையதாயின், அந்தக் கட்டம் 1 மீட்டர் நீளமான தண்டவாளத்தைக் குறிக்கிறது. கட்டங்களை எண்ணுவது தண்டவாளத்தை அளப்பதேயாம்.

எண்ணிப் பார்ப்போம். 20 நொடிக்கு ஒருமுறை மட்டும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, அடியிலுள்ள துண்டுகளின் பரப்பைக் கூட்டினால் 960 மீட்டர் வருகிறது. 10 நொடிக்கு ஒருமுறை குறித்தால் 990. 5 நொடிக்கு ஒருமுறை குறித்தால் 997.5. ஒவ்வொரு நொடியும் குறித்தால் 999.9. எண்கள் எங்கே செல்கின்றன என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பர். அவை 1,000 மீட்டரை நோக்கி நெருங்குகின்றன, அதைத் தாண்டுவதில்லை. இடைவெளியைப் பாதியாக்கும்போதெல்லாம் குறைபாடு நாலில் ஒன்றாகிறது என்பதையும் காண்க: 40, பிறகு 10, பிறகு 2.5. இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எந்த எண்ணில் போய் அடங்குமோ அந்த எண்ணுக்கே தொகையீடு என்று பெயர். இதற்குமேல் அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளின் நோட்டில் நீண்டு வளைந்த பாம்புபோல் ஒரு குறி இருக்கும். அதைக் கண்டே பெற்றோர் பலர் மிரளுகின்றனர். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675ஆம் ஆண்டில் தம் கைக்குறிப்பில் முதன்முதலாக இட்ட குறி அது. கூட்டுத்தொகைக்கு லத்தீன் மொழியில் 'சும்மா' என்று பெயர். அச்சொல்லின் முதலெழுத்தை மேலும் கீழும் இழுத்து நீட்டிவிட்டார், அவ்வளவுதான். நம் ஊர்ச் 'சும்மா' வேறு, அந்தச் 'சும்மா' வேறு. ஆயினும் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்பதற்கு நம்முடையதும் பொருந்தி வருகிறது.

அது நிற்க. ஒவ்வொரு முறையும் நூறு துண்டுகளாக வெட்டிக் கூட்டிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. லைப்னிட்ஸும் இங்கிலாந்தின் நியூட்டனும் பதினேழாம் நூற்றாண்டில் தனித்தனியே நிலைநாட்டிய உண்மை இங்கே கைகொடுக்கிறது. தூரம் நொடிக்கு நொடி எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தால் அது வேகம். ஆகவே, எந்தத் தூர விதியின் வளர்ச்சி நம் வேக விதியாக அமையுமோ, அதைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும். நம் வண்டிக்கு அது இவ்வாறு வருகிறது: நொடியின் வர்க்கத்தை 0.3ஆல் பெருக்கி, அதிலிருந்து நொடியின் கனத்தை 0.002ஆல் பெருக்கிக் கழிக்க. 100 நொடிக்கு 3,000 கழித்தல் 2,000. ஆக 1,000 மீட்டர். நூறு துண்டுகள் 999.9 என்று தடவித் தடவிச் சொன்னதை இது ஒரே வரியில் சொல்லிவிட்டது. ஐயமுள்ளவர்கள் சோதித்துக்கொள்ளலாம். இந்த விதிப்படி 10 நொடியில் வண்டி 28 மீட்டரும், 11 நொடியில் 33.638 மீட்டரும் சென்றிருக்கும். இடைப்பட்ட அந்த ஒரு நொடியில் சென்றது 5.638 மீட்டர். அந்நொடியின் தொடக்க வேகம் 5.4; இறுதி வேகம் 5.874, இரண்டின் சராசரி 5.637.

பரப்பே தூரம் என்னும் இக்கருத்து ஐரோப்பியர் கண்டது என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் சீராக மாறும் வேகத்திற்குச் சராசரி காணும் விதியைச் சொன்னார்கள். பிரான்சு நாட்டின் நிக்கோல் ஓரெம் அதைப் படமாகவே வரைந்து காட்டினார். ஆனால் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மாத்யூ ஓசன்ட்ரைவர் என்னும் ஆராய்ச்சியாளர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இவ்வரலாற்றைக் குறைந்தது பதினான்கு நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகைகளை அவர் படித்தார். அவை கி.மு. 350க்கும் 50க்கும் இடைப்பட்டவை. அவற்றில் இருப்பது நம் வீடுகளில் ஆண்டுதோறும் பேசப்படும் குருவின் பெயர்ச்சிதான்.

கதிரவன் ஒளியில் மறைந்திருந்த வியாழன் கீழ்வானில் மீண்டும் உதிக்கும் நாளில் அது வானில் நாளொன்றுக்கு 12 கலை நகர்கிறது. வேகம் சீராகக் குறைந்து 60ஆம் நாளில் நாளுக்கு 9½ கலை ஆகிறது என்று அவர்கள் கொண்டனர். (60 கலை ஒரு பாகை.) இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 60ஆல் பெருக்கினர்: 645 கலை, அஃதாவது 10¾ பாகை. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் உள்ள சரிவகத்தின் பரப்பு அது. நிலத்தின் பரப்பை அளக்கும் கணக்கை வானத்திற்குக் கொண்டுபோனார்கள். அதோடும் அவர்கள் நிற்கவில்லை. பாதித் தூரம் எந்நாளில் கடந்தது என்றும் கேட்டார்கள். பாதித் தூரம் பாதி நாளில் கடந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். தொடக்கத்தில் வேகம் மிகுதி ஆதலால் 30ஆம் நாளுக்கு முன்னரே கடந்துவிடும். போட்டுப் பார்த்தால் 28 நாளும் சிறிதும் வருகிறது. இந்தப் பாதிக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் இது வேறோர் இடத்தில் பயன்படும்.

தேர்வுக்குப் போகும் மாணவர்கள் இடறும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, விடையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் மாறிலி. அது ஏன் வருகிறது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். வேகத்தாள் வண்டி எவ்வளவு சென்றது என்று சொல்லுமேயன்றி, எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லாது. விழுப்புரத்தில் புறப்பட்ட வண்டிக்கும் இட்டார்சியில் புறப்பட்ட வண்டிக்கும் ஒரே வேகப்படம் அமையலாம். புறப்பட்ட இடத்தின் கிலோமீட்டர்க் கல்லில் உள்ள எண்ணே அந்த மாறிலி. அதைச் சேர்த்தால்தான் வண்டி இப்போது எந்தக் கல்லருகே நிற்கிறது என்று கூற இயலும்.

மற்றொன்று, தூரமும் இடப்பெயர்ச்சியும் ஒன்றெனக் கொள்வது. யார்டில் ஷண்டிங் எஞ்சின் ஒன்று நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் முன்னே செல்கிறது. வேகம் நொடிக்கு 0.1 வீதம் குறைகிறது. 60ஆம் நொடியில் நின்று, அங்கிருந்து பின்னோக்கி வரத் தொடங்குகிறது. 100 நொடி முடிவில் என்ன ஆயிற்று? கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் 600 கழித்தல் 500, ஆக 100 மீட்டர் என்று வரும். அது புறப்பட்ட இடத்திலிருந்து எஞ்சின் இப்போது இருக்கும் தொலைவு. ஆனால் அது முன்னே ஓடியது 180 மீட்டர். பின்னே வந்தது 80 மீட்டர். சக்கரம் உருண்டது 260 மீட்டர். படத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கிய பரப்பு கழிந்துபோனதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே 'கடந்த மொத்தத் தூரம்' என்று வினாவில் இருந்தால், வேகம் எப்போது சுழியாகிறது என்று முதலில் பார்த்து, அங்கே கணக்கை இரண்டாக வெட்டிக்கொள்க. ஓட்டுநர்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ற படி உண்டு. அதை இடப்பெயர்ச்சியைக் கொண்டு கொடுப்பதாயின், போய்த் திரும்பி வந்தவருக்கு ஒரு காசும் கிடைக்காது!

எஞ்சினில் வேகத்தைப் பதியும் கருவி ஒன்று உண்டு. முன்னாளில் அது சுருள் தாளில் கோடு கீறியது. இப்போது மின்னணு நினைவில் பதிகிறது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதையே அது எண்ணுகிறது. சுழற்சியோடு சுற்றளவைப் பெருக்கினால் தூரம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார எஞ்சினின் சக்கரம் புதிதாயிருக்கையில் 1,092 மில்லிமீட்டர் விட்டம் உடையது. தேய்ந்து 1,016 வரை வரலாம். புதிய சக்கரம் ஒரு சுற்றில் 3.43 மீட்டர் உருளும், தேய்ந்தது 3.19 மீட்டரே உருளும். தேய்ந்த சக்கரத்தை வைத்துக்கொண்டு கருவியில் புதிய விட்டத்தையே எழுதி வைத்தால், உண்மையில் ஒரு கிலோமீட்டர் சென்ற வண்டி ஏறத்தாழ 1,075 மீட்டர் சென்றதாகக் கருவி சொல்லும். ஒவ்வொரு நொடியும் நேரும் சிறு பிழை கூடிக்கூடிப் பெரிதாவது தொகையீட்டின் இயல்பு.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பொருளுக்கு வருகிறேன். தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டோரைப் பற்றிய தாள்கள் எங்கள் அலுவலக மேசைகள் வழியே செல்வதுண்டு. பெயர், வயது, கையில் இருந்த பை, பையில் இருந்த சாமான் என்று எழுதியிருக்கும். மேம்பாலம் பக்கத்திலேயே இருந்தது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். நம்மவர்களில் பலர் இருப்புப்பாதைக்கு அருகில் குடியிருப்பவர்கள். வேலைக்கும் கடைக்கும் அதைக் கடப்பவர்கள். "வண்டி தூரத்தில்தானே வருகிறது, ஓட்டுநர் பார்த்தால் பிரேக் போடமாட்டாரா?" என்று கேட்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். இக்கேள்விக்கு விடை வேகப்படத்தின் பரப்பில் இருக்கிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விரைவு வண்டி வருகிறது. நொடிக்கு அது 30.56 மீட்டர். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். வண்டியின் பாரம், பாதையின் ஏற்ற இறக்கம், பிரேக்கின் வகை இவற்றைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். கணக்குக்கு இது போதும். வேகப்படம் சாய்ந்த நேர்கோடு. அதன் அடியில் ஒரு முக்கோணம். அடிப்பக்கம் 61 நொடி, உயரம் 30.56. பரப்பு ஏறத்தாழ 934 மீட்டர். அஃதாவது, ஓட்டுநர் உங்களைக் கண்ட கணமே பிரேக் பிடித்தாலும் வண்டி ஒரு நிமிடம் கழித்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்தான் நிற்கும். நீண்ட வண்டியில் காற்றழுத்தம் கடைசிப் பெட்டிவரை இறங்கி எல்லாச் சக்கரங்களும் பிடிபடச் சில நொடிகள் செல்லும். ஐந்து நொடி என்று வைத்தாலும் முக்கோணத்துக்கு முன்னால் ஒரு செவ்வகம் சேர்ந்து, மேலும் 153 மீட்டர் கூடிவிடும். நிற்க வேண்டிய சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே டிஸ்டன்ட் சிக்னலை நட்டு ஓட்டுநரை எச்சரிப்பது ஏன் என்பது இதனால் விளங்கும். பாதையில் நிற்கும் மனிதருக்கு முன்னால் அத்தகைய சிக்னல் எதுவும் இல்லை.

வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் இரட்டிக்கும் என்று எண்ணுவது இயல்பு. முக்கோணத்தைப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் உயரம் இரட்டிக்கும்; நிற்க ஆகும் நேரமும் இரட்டிக்கும்; பரப்பு நான்கு மடங்காகும். அதே பிரேக்குக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 494 மீட்டர். 160இல் 1,975 மீட்டர். 110ஐ 130 ஆக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குகூட உயரவில்லை. நிற்கும் தூரமோ 934இலிருந்து 1,304 ஆகிவிடுகிறது. 110இல் ஓடிய வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண், பாதையைச் செப்பனிட்டு 130இல் வண்டி விட்டபின் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்தால் என்னாகும்?

முன்னர் வியாழனுக்குச் சொன்ன பாதிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 61 நொடியில் பாதி கழிந்தபோது வேகம் பாதியாகி 55 கிலோமீட்டர் ஆகியிருக்கும். அப்போது வண்டி எவ்வளவு வந்திருக்கும்? எஞ்சியிருப்பது பாதி உயரமும் பாதி அகலமும் உள்ள சிறு முக்கோணம். அது முழுவதில் காற்பங்குதான். எனவே முதற்பாதி நேரத்துக்குள் முக்காற்பங்கு தூரமும், அதாவது 700 மீட்டரும், தின்றாகிவிட்டது. 467ஆம் மீட்டரில், பாதி வழியில், நிற்பவரை வண்டி எட்டும்போது அதன் வேகம் 55 அன்று. மணிக்கு 78 கிலோமீட்டர். பிரேக்கின் கிரீச்சொலி கேட்கிறது, வண்டி தளர்ந்துவிட்டது என்று நம்பி நடுவில் நிற்பவர் எதிர்கொள்வது இந்த 78ஐத்தான்.

கைச்சுமையோடு இரு தடங்களை, ஏறத்தாழ 10 மீட்டரை, ஒருவர் நடந்து கடக்கப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் 110இல் வரும் வண்டி 305 மீட்டர் வந்துவிடும். நேரெதிரே வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றாது. சற்றே பருப்பதாக மட்டும் தோன்றும். அதைக் கொண்டு வேகத்தை மதிப்பிடக் கண்ணால் ஆகாது. அனுமதியின்றிப் பாதையைக் கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்துக்கு அஞ்சி எவரும் மேம்பாலம் ஏறியதாகத் தெரியவில்லை. படிகளை எண்ணிச் சலித்துக்கொள்ளும் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகள் இந்த முக்கோணத்தைத் தாளில் வரைந்து காட்டினால் பயன்படக்கூடும் என்று நினைக்கிறேன்.

2020 ஜூலையில் நாட்டின் தானியங்கி வண்டிப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' என்னும் கருவியமைப்பும் இதே கணக்கைத்தான் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. பாதையில் இடையிடையே சிறு அடையாள வில்லைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு வில்லையைக் கடக்கையில் எஞ்சின் தான் இருக்கும் இடத்தை அறிகிறது. அது மேலே சொன்ன மாறிலி. அங்கிருந்து அடுத்த வில்லைவரை சக்கரச் சுழற்சியைக் கூட்டிக்கூட்டித் தூரம் காண்கிறது, அது தொகையீடு. சிக்னலுக்கு மிச்சமுள்ள தூரமும், இப்போதைய வேகத்தில் நிற்கத் தேவையான தூரமும் நெருங்கி வரும்போது, ஓட்டுநர் பிரேக் பிடிக்காவிடில் தானே பிடிக்கிறது. அடுத்த வில்லை வந்ததும், இடையில் சேர்ந்த பிழையைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டாமலும் வண்டியோடு வண்டி மோதாமலும் காப்பது அதன் வேலை. தண்டவாளத்தின்மேல் நடக்கும் மனிதர் இருப்பது அதற்குத் தெரியாது.

மாணவர்கள் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிக்கொண்டு, அதே அரை மீட்டர்த் தளர்வைக் கொண்டால், நிற்கும் தூரம் 400 மீட்டர் வர வேண்டும். 300ஆம் மீட்டரில் வேகம் 36 கிலோமீட்டர் இருக்க வேண்டும். முதல் விடைக்குத் தொகையீடு போதும். இரண்டாம் விடைக்கு முக்கோணத்தை வரைந்து, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது சுருக்கமான வழி.